சின்னிவிரல் ஓட்டை

எங்கள் ஒழுங்கையில் அம்புறோஸின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்ட பிறகுதான் என் மனைவி அன்னப்பிள்ளை கேத்திலை அடுப்பில் வைப்பாள். மணிக்கூட்டில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அன்று காலை கிக்கரை உதைக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. உதைத்தான், உதைத்தான், கொஞ்சம் நின்றான், பிறகும் உதைத்தான். எனக்குத் தேத்தண்ணீர் வரவில்லை. பொறுமை கெட்டுப்போய்ச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலிப் பொட்டால் புகுந்து பக்கத்து வளவுக்குப் போனேன்.

அம்புறோஸ் வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றான். சோளகக் காற்று பனைகளைப் போட்டு ஆட்டியது. அந்தக் காற்றிலும் அவனுடைய சேட்டு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“மயிலண்ணை, நேற்றுப் பின்னேரமும் ஓடினது. ஊர்காத்துறைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தனான். ஒரு ராவுக்குள்ள இதுக்கு என்ன வந்தது?”

“வயசு வந்தது. உனக்கு வந்த மாதிரி.”

“பகிடியை விடுங்கோ. நாளைக்குப் பிள்ளை வாறாள்.”

அதுதான் விசயம். அவனுடைய ஒரே மகள் யூலியானா பதினொரு வருசத்துக்குப் பிறகு நோர்வேயிலிருந்து வருகிறாள். கொழும்பிலிருந்து வான் பிடித்து வருகிறவளை அம்புறோஸ் வேலணை வங்களாவடிச் சந்தியில் மறித்து, பேத்தி அஞ்சலாவை மட்டும் இறக்கி, தன்னுடைய சைக்கிளின் பெற்றோல் ராங்கிக்கு மேல் இருத்தி, கரம்பொன் வரைக்கும் கொண்டு வரப்போகிறான். இது ரெலிபோனில் பேசி முடிவான காரியம். ஆறு வயதுப் பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் தன் அரைகுறைத் தமிழில் “அம்மப்பா, சைக்கிள் இருக்கா?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும். யூலியானா சின்னப்பிள்ளையில் அந்த ராங்கியில் இருந்து வளர்ந்தவள். அந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லி மகளையும் பழக்கிவிட்டாள்.

குசினி வாசலில் ஞானசவுந்தரி சுளகோடு நின்று ஒடியல் மா அரித்தாள். அம்புறோஸின் மனைவி. மகள் வந்திறங்கியதும் கூழ் குடிக்க வேண்டும் என்று மூன்று நாளாக ஆயத்தம் நடக்கிறது.

“சைக்கிள் இல்லாட்டில் என்ன, வானில வந்து வாசல்ல இறங்கட்டுமன். ரோட்டும் புதுசாப் போட்டுக் கிடக்கு,” என்றாள்.

“உமக்கு விளங்காது. அந்தக் குஞ்சுக்குச் சொல்லிப்போட்டன்.”

“எனக்கு ஏன் விளங்காது?” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

இனி, இன்னொரு விசயத்தையும் சொல்லவேண்டும். அம்புறோஸுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இடதுகண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, வலதிலும் தொடங்கிவிட்டது. அவன் ஒப்புக்கொள்ளமாட்டான். “தூசி விழுந்திட்டுது” என்பான். வருசம் முழுக்க ஒருவன் கண்ணில் தூசி விழுமா? போன மாதம் சுருவில் ரோட்டில் ஒரு மாட்டுக்கன்றில் கொண்டுபோய் விட்டான். கன்று குறுக்கே பாய்ந்தது என்றான். நான் பின்னால் பஸ்ஸில் வந்தவன். கன்று பாயவில்லை. தன்பாட்டுக்கு நின்று புல் மேய்ந்தது. சோற்றில் மீன்முள்ளைக் கையால் தடவித்தான் எடுக்கிறான் என்று ஞானசவுந்தரி அன்னப்பிள்ளையிடம் சொல்லி அழுதிருக்கிறாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கண் வெட்டலாம் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். கடல்தொழிலில் பெரும் புயலைப் பார்த்தவன், கண்ணில் கத்தி வைப்பது என்றால் நடுங்குகிறான். மகளுக்குச் சொல்லவும் அவளுக்கு வழியில்லை. “பிள்ளை தூர தேசத்தில இருந்து யோசிக்கும், சொன்னீரெண்டால் நான் அந்தோனியார் கோயிலுக்கே வரமாட்டன்” என்று வெருட்டி வைத்திருந்தான். ஆக அந்தப் பெண் வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் ஒரு வருசம் கழித்தாள். நாளைக்கு அந்தக் கண்களோடு அவன் ஆறு வயதுப் பிள்ளையை ராங்கியில் வைத்து ஓடப்போகிறான்.

நாரந்தனையில் கராச் வைத்திருக்கிற டெனிஸ்ரன் ஒன்பது மணிபோல வந்தான். ஞானசவுந்தரியின் தமையன் மகன். நாற்பதை எட்டப்போகிறவன், கைதேர்ந்த வேலைக்காரன், ஆனால் வாய் ஓயாது.

“மாமா, இதை இன்னும் மியூசியத்துக்குக் குடுக்கேல்லையோ?”

“வேலையைப் பாரடா.”

அவன் ஒழுங்காகத்தான் பார்த்தான். பெற்றோல் குழாயைக் கழற்றித் திறந்தான், பெற்றோல் ஓடியது. பிளக்கைக் கழற்றினான். கறுத்து நனைந்து போயிருந்தது. அதை என்ஜினோடு தொடவைத்து மாமனை உதைக்கச் சொன்னான். நீலப்பொறி டிக் டிக்கென்று அடித்தது. துடைத்துப் பூட்டி உதைத்தால் ஒரு முக்கல், ஒரு கறுப்புப் புகை, அவ்வளவுதான். மறுபடி கழற்றினால் மறுபடி நனைந்திருந்தது.

“நெருப்பு இருக்கு, எண்ணெய் இருக்கு. காத்துத்தான் காணாது. மூச்சு முட்டுது மாமா இதுக்கு.”

பக்கத்து மூடியைக் கழற்றி எயார் பில்ற்றரை வெளியே எடுத்தான். நான் கடை வைத்து வாழ்ந்தவன், எனக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதைப் பார்த்ததும் எனக்கே மூச்சு முட்டியது. கடதாசி மடிப்பெல்லாம் செம்மண்ணும் உப்புமணலும் அடைந்து, நடுவில் ஒரு பல்லி இரண்டு முட்டை வேறு இட்டிருந்தது. டெனிஸ்ரன் தட்டினான். மணல் அரைச் சிரட்டை கொட்டியது.

“எப்ப மாத்தினீங்கள்?”

அம்புறோஸ் யோசித்தான். “யூலியானா வெளிக்கிடேக்க.”

“அப்ப அவ வாறதுக்கும் ஒண்டு மாத்தத்தான் வேணும். இதைக் கழுவ ஏலாது, கடதாசி. புதுசு வேணும். ரவுணிலதான் கிடைக்கும்.”

ஞானசவுந்தரி பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டு வந்து வைத்தாள். பழைய பில்ற்றரைக் குனிந்து பார்த்தாள்.

“புதுசு போட்டால் ஓடுமோ?” என்று கேட்டாள்.

“ஓடாமல் எங்க போறது மாமி?”

அவள் முகம் ஒருமாதிரிப் போனது. பேரப்பிள்ளையே வருகிற சந்தோசத்தில் இருக்கிறவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்று நான் நினைத்தேன். அடுப்புப் புகையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அன்று யாழ்ப்பாண ரவுணில் அலுவல் இருந்தது. பழைய பில்ற்றரை மாதிரிக்குச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பண்ணைப் பாலத்தில் சோளகம் பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. இரண்டு பக்கமும் கடல் கலங்கிக் கிடந்தது. மடியில் இருந்த பையிலிருந்து மணமும் தூசியும் வந்தன. அந்த மணம் என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தொண்ணூற்றொன்றில் சண்டைக்குப் பயந்து தீவுப்பகுதியை விட்டு வெளிக்கிட்டபோது அம்புறோஸ் குடும்பமும் நாங்களும் இளவாலையில் ஒரே வளவில் இரண்டு கொட்டில் போட்டு இருந்தோம். தென்பகுதியில் அப்பர் போட்ட கடை எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்த பிறகு எனக்கு அது இரண்டாவது ஓட்டம். அம்புறோஸுக்கு முதல் ஓட்டம். வலையை விட்டுவிட்டு வந்தவன் சைக்கிளை விடவில்லை. மாதகலில் இறங்குகிற மீனைப் பெட்டியில் கட்டிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோவான். அதில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

பெற்றோல் தடை. அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, காணாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் ஆறிப்போன என்ஜின் மண்ணெண்ணெயில் பற்றாது. முதலில் துளி பெற்றோல் காட்டிப் பற்றவைத்து, சூடேறும்வரை சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். அதற்கு ஆளுக்கொரு வித்தை வைத்திருந்தார்கள். அம்புறோஸ் வீட்டில் வித்தைக்காரி ஞானசவுந்தரி. காற்றுப் பெட்டியிலிருந்து காபரேற்றருக்குப் போகிற றப்பர் குழாயில், உள்பக்கமாக, ஆணியைக் காய்ச்சிச் சின்னிவிரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டாள். ஊசிமருந்துக் குப்பியின் றப்பர் மூடி அந்த ஓட்டைக்கு அச்சொட்டாய்ப் பொருந்தியது. பெற்றோலைக் கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலில் நிரப்பி இடுப்பில் செருகிக்கொள்வாள்.

ஞாயிறு பூசைக்கு அவர்கள் வெளிக்கிடுகிறதைப் பார்க்க வளவே கூடும். அம்புறோஸ் சீற்றில். ராங்கிக்கு மேல் யூலியானா, வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். பின்னால் ஞானசவுந்தரி ஒருபக்கமாக இருந்து, புருசனின் தொடைக்குக் கீழால் கையை விட்டு மூடியை எடுப்பாள். மூடி தவறினால் போச்சு. ஆகவே அது பிள்ளையின் பொறுப்பு. யூலியானா வலக்கையில் அதை இறுக்கிப் பொத்திப் பிடித்துக்கொண்டு மூச்சே விடமாட்டாள். தாய் மூன்று சொட்டு விடுவாள். “அடியுங்கோ!” என்பாள். அம்புறோஸ் உதைப்பான். பற்றும். இன்னும் இரண்டு சொட்டு. வெள்ளைப்புகை கொட்டிலை மூடும். “மூடி!” என்று கேட்டதும் பிள்ளை கையைத் திறக்கும். அந்தப் புகைக்குள் மூன்று பேரும் இருமி இருமிச் சிரித்துக்கொண்டு போவார்கள். கோயிலில் அவர்கள் போய் வாங்கிலில் இருந்தால் மண்ணெண்ணெய் மணத்துக்கு முன்வாங்கில் திரும்பிப் பார்க்குமாம்.

ஒன்றுமில்லாத காலம் அது. ஆனாலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் பஸ்ஸுக்குள் இருந்த எனக்குக் கண் கலங்கியது. வெட்கமென்ன, கலங்கியதுதான்.

ரவுணில் நாலு கடை ஏறி இறங்கி ஐந்தாவது கடையில் பில்ற்றர் கிடைத்தது. கொண்டு வந்து கொடுத்தபோது மத்தியானம் கடந்துவிட்டது. டெனிஸ்ரன் பெட்டியைத் துணியால் துடைத்து, புதுப் பில்ற்றரை வைத்து, மூடியை முறுக்கி, பிளக்கைத் தீயில் காட்டிக் காயவைத்துப் பூட்டினான். “உதையுங்கோ மாமா, சும்மா காலை வைச்சாலே காணும்,” என்றான்.

அம்புறோஸ் சிலுவை போட்டுவிட்டு உதைத்தான். முக்கல். கறுப்புப் புகை. இன்னொருதரம். அதே முக்கல்.

டெனிஸ்ரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவனும் ஏறி இருபது உதை உதைத்தான். “அப்ப காபரேற்றருக்குள்ளதான் என்னவோ. அதைக் கழட்டி ஊறவைக்கவேணும். கராச்சில ஒரு ஓட்டோ காத்துக்கொண்டு நிக்குது. பின்னேரம் வாறன் மாமா,” என்று சொல்லிவிட்டுப் போனான். “ஆறுதலா வா தம்பி, அவசரமில்லை,” என்று ஞானசவுந்தரி படலைவரை போய் வழியனுப்பினாள். குரலில் ஒரு தெம்பு.

அம்புறோஸ் சைக்கிளுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்திவிட்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாய்ந்த வெயில் கண்ணில் அடிக்க, கண்ணை மூடிக்கொண்டு, வள்ளத்தின் அடியில் ஓட்டை தேடுகிறவன் மாதிரிக் கையால் என்ஜினைத் தடவிக்கொண்டு போனான். கண் இல்லாதவனுக்குக் கைதானே கண். கை றப்பர் குழாயின் உள்பக்கம் போய் நின்றது. அங்கே சுற்றியிருந்த கறுப்பு ரேப் அவிழ்ந்து கிடந்தது. அவன் றப்பர் மூடியைப் பிடுங்கினான். சின்னிவிரலை விட்டான். பிறகு இரண்டு விரலால் எதையோ பிடித்து மெல்ல இழுத்தான்.

சாரத்துண்டு. நீலக்கட்டம் போட்டது. இழுக்க இழுக்க வந்தது. பெற்றோலில் நனைந்து, ஒரு முழ நீளம்.

அம்புறோஸ் அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். அவனுடைய பழைய சாரம். அந்த ஓட்டை இருக்கிற இடம் சரியாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் நாலு பேர். நான் இல்லை, அவன் இல்லை, மற்றவள் நோர்வேயிலிருந்து வானத்தில் வந்துகொண்டிருக்கிறாள்.

“சவுந்தரி,” என்று கூப்பிட்டான். குரல் உயரவில்லை.

அவள் வந்தாள். துண்டைக் கண்டாள். நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை, கால் வரவில்லை.

“வலை ஊசியால தள்ளினனீரோ?”

“ஓம்.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனான்! எத்தினைதரம் சொன்னனான்! கண்ணை வெட்டுங்கோ எண்டு காலில விழாத குறையாச் சொன்னனான். உங்களுக்குக் கண் மட்டுமில்லை, காதும் அடைச்சுப்போச்சு. நீங்கள் தனியப் போய் விழுந்து எழும்பினால் நான் எண்ணெய் பூசி விடுவன். அந்தக் குஞ்சைக் கொண்டுபோய் எங்கையும் அடிச்சால் நான் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுறது?” முந்தானையை வாய்க்குள் அமத்திக்கொண்டு அழுதாள். “இந்தச் சைக்கிளைப் பத்தவைச்சவள் நான். நான்தான் அணைச்சனான்.”

அம்புறோஸ் துண்டை முழங்காலில் வைத்து நீவி நீவி மடித்தான். பிறகு எழும்பி, பெற்றோலைத் திறந்து, ஒரே ஒரு உதை உதைத்தான்.

பற்றியது. புதுப் பில்ற்றர் போட்ட சைக்கிள், இளந்தாரிக் குரலில் ஒழுங்கை அதிரக் கத்தியது. எங்கள் வீட்டில் அன்னப்பிள்ளை நேரம் கெட்ட நேரத்தில் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டாள் என்று பிறகு அறிந்தேன். அம்புறோஸ் இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றான். ஏறுவான் என்று நான் பயந்தேன். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

அவன் திறப்பைத் திருப்பி நிற்பாட்டினான். குந்தினான். மடித்த துண்டை எடுத்து ஓட்டைக்குள் விரலால் தள்ளத் தொடங்கினான். அவசரப்படாமல் கடைசி நுனி வரைக்கும் தள்ளி மூடியைப் போட்டான்.

“நாளைக்கு நாங்கள் இஞ்சயே நிப்பம்,” என்றான். “வான் வாசலுக்கு வரட்டும். சைக்கிள் ஸ்ராட் வரேல்லை எண்டு சொல்லுவம். நீரும் சொல்லும், நானும் சொல்லுறன். மயிலண்ணையும் சொல்லுவார்.”

“நான் ஏன் பொய் சொல்லவேணும்?” என்றேன்.

“பொய்யில்லையே, உதைச்சுப் பாருங்கோவன்.”

ஞானசவுந்தரி அழுகையோடு சிரித்துவிட்டாள். டெனிஸ்ரனுக்கு வரவேண்டாம் என்று ரெலிபோன் போனது.

மறுநாள் பின்னேரம் வான் வந்தது. யூலியானா இறங்கினாள். கட்டை மயிர், கண்ணாடி, தகப்பனுடைய உயரம். தாயைக் கட்டிப்பிடித்தாள், தகப்பனைக் கட்டிப்பிடித்தாள், என்னைக் கண்டு “மயில் மாமா, நீங்கள் இன்னும் வேலிப் பொட்டால தானோ வாறனீங்கள்?” என்று கேட்டாள். அஞ்சலா எல்லாரையும் தாண்டி ஓடிச் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றாள்.

“அம்மப்பா, போவமா?”

அம்புறோஸ் தொண்டையைச் செருமினான். “ஸ்ராட் வரேல்லையடி குஞ்சு. டெனிஸ்ரன் புதுப் பில்ற்றரும் போட்டுப் பாத்தவன். என்ன செய்யிறது, பழசு.”

“பழசுதான்,” என்றாள் ஞானசவுந்தரி.

யூலியானா என்னைப் பார்த்தாள். “மெய்தான் பிள்ளை, நானே ரவுணில போய் வாங்கினனான்,” என்றேன். பில்ற்றர் வாங்கியது மெய்தானே.

கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. நண்டும் இறாலும் பயத்தங்காயும் போட்ட மணம் வளவெல்லாம் நின்றது. கூழ் குடிக்கப் பலாவிலை கோலுவதற்காகப் பெண்கள் எழும்பினார்கள். யூலியானா சைக்கிளைக் கடந்து போகையில் நின்றாள். ராங்கியைத் தடவினாள். அவள் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. குனிந்ததும் கை தானாகவே கீழே போய், றப்பர் குழாயின் உள்பக்கத்தைத் தேடிப் பிடித்தது. சின்ன வயதில் எத்தனை நூறுதரம் தாயின் கை அங்கே போய் வந்ததைப் பார்த்தவள்.

“ஐயோ அம்மா, மூடி இன்னும் இருக்கு!” என்று சிரித்துக்கொண்டே பிடுங்கினாள். ஓட்டைக்குள் நீலக்கட்டம் தெரிந்தது.

சிரிப்பு நின்றது. துண்டின் நுனியைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள், முழுவதும் இழுக்கவில்லை. தாயைப் பார்த்தாள். ஞானசவுந்தரி அகப்பையோடு நிலத்தைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். அவன் அவள் நிற்கிற திசைக்குச் சற்று விலகிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யூலியானா எழும்பி, மூடியை இரண்டு விரலால் பிடித்துத் தகப்பனின் முகத்துக்கு முன்னால் நாலு முழத் தூரத்தில் நீட்டினாள்.

“அப்பா, இது என்ன?”

அம்புறோஸ் கண்ணைச் சுருக்கினான். தலையைச் சரித்தான். காற்று ஒருதரம் அடித்து ஓய்ந்தது.

“உன்ர கை, பிள்ளை,” என்றான்.

அவள் அழவில்லை. மூடியை உள்ளங்கையில் போட்டு, வெள்ளைச் சட்டைக் காலத்தில் பொத்தின மாதிரியே இறுக்கிப் பொத்தினாள்.

“ஓம், என்ர கைதான். மூடி என்னட்டை இருக்கு. நான் நிக்கிற ஆறு கிழமைக்குள்ள கண்ணை வெட்டினால் தருவன்.”

அம்புறோஸ் மனைவியின் பக்கம் திரும்பினான். அஞ்சலா வந்து அவனுடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு கண் மட்டும் வெட்டினால் காணாதோ?” என்று கேட்டான்.

“இவளை ராங்கில வைக்கிறதெண்டால் ரண்டும் வேணும்,” என்றாள் யூலியானா.

“அப்ப ரண்டையும் வெட்டச் சொல்லு,” என்றான் அம்புறோஸ். ஞானசவுந்தரி கூழ் ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.